போஸ்ட்

யோகராசு ஏறாத போஸ்ட் எங்கள் டிவிஷனில் இல்லை.
பதினோரு வருஷமாக அவருக்குப் போஸ்ட் இல்லை.
இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
நான் அவர் பொண்டாட்டி,
சிரித்து முடிக்கட்டும் என்று டீ ஆற்றுவேன்.

சேரம்பாடியிலிருந்து மேலே வந்தால்
முதலில் செக்போஸ்ட், அங்கே நிற்க வேண்டும்.
அப்புறம் போஸ்டாபீஸ், அங்கே கேட்க வேண்டும்
ஆர்டர் வந்திருக்கிறதா என்று.
அதைத் தாண்டினால் பள்ளிக்கூட மைதானம்.
இரண்டு சவுக்குக் கம்பை நட்டு
பையன்கள் அதையும் போஸ்ட் என்கிறார்கள்.
பந்து நடுவில் போய்விட்டால் போதும்,
மலையே அவர்களுடையது.

குடியிருப்பது லைனில். ஆறாம் லைன், நாலாவது கதவு.
பழுது பார்ப்பதும் லைன்.
மழைநாளில் ஆபீசுக்குப் போன் போட்டால்
லைன் கிடைக்காது.
ரேஷனுக்கு லைனில் நின்ற ஒரு சாயங்காலம்தான்
முன்னால் நின்ற இவர் திரும்பித் திரும்பிப் பார்த்து
எனக்கு லைன் போட்டது.
கரண்டை நிறுத்தியாச்சு, கை வைக்கலாம் என்று
கொடுக்கும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர்.
எனக்குத் தெரிந்து இந்த மலையில்
எந்த லைனும் ஒருநாளும் கிளியராக இருந்ததில்லை.
பனி.

ஓடைப் பக்கம் ஒரு போஸ்ட் சாய்ந்து நின்றது.
மூன்று தடவை எழுதிக் கொடுத்தார்.
கையெழுத்துக்குக் கீழே பதவி என்று
எதைப் போடுவது என்று தெரியாமல்
மூன்று தடவையும் வீட்டு நம்பரைப் போட்டார்.
ஆடிக் காற்றில் கம்பி
நான் கொழுந்துக் கூடை சுமக்கும் உயரத்துக்கு
இறங்கிவிட்டது.

அதில்தான் அவள் உரசினாள்.
கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவள், இடது காது கிழிந்தவள்.
எங்கள் பலா பழுப்பது
எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.
விடியும்போது முன்னங்கால் மடிந்து கிடந்தாள்,
வாயில் பாதி மென்ற மூங்கில்.

காட்டிலாகாக்காரர் ஜீப்பின் மேல் படத்தை விரித்து
இது காரிடார் என்றார்.
காரிடார் எனக்குத் தெரியும்.
கூடலூர் ஆபீசில் பெஞ்சு போட்டிருக்கும் இடம்.
உட்கார்ந்திருந்தால் கூப்பிட மாட்டார்கள்,
ஒன்றுக்குப் போனால் கூப்பிட்டுவிடுவார்கள்.
இவளுக்கு எதற்கு அது என்று நினைத்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
அவளுக்கும் கடந்து போக மட்டுமே இடம்.

டாக்டர் வந்தார், கோடாலி வந்தது.
ஓடைக்கரையிலேயே போஸ்ட்மார்ட்டம்.
அந்தப் பேரிலும் அது நட்டிருப்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
நாலு மணி நேரம் அறுத்தார்கள்.
எல்லாரும் துண்டால் மூக்கைப் பொத்தினோம்.
இவர் மட்டும் பொத்தாமல்
கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாம் நாள் தபால்கார ஆல்பர்ட்
ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தார்,
ஆர்டர் ஆர்டர் என்று கத்திக்கொண்டு.
பக்கத்துக் கதவுகள் திறந்தன.
கையைச் சேலையில் துடைத்து வாங்கினேன்.
ஆர்டர்தான்.
விசாரணைக்கு ஆஜராகும்படி.

பெயர் மு. யோகராசு.
பதவி லைன்மேன்.

வேலைக்கு வைத்தபோது போடவில்லை.
போன வருஷம் அவர் கீழே விழுந்து
ஆஸ்பத்திரி சீட்டு எழுதியபோது கூலி என்று போட்டார்கள்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் படித்தார்.
பயந்துபோய்ப் படிக்கிறார் என்று
தண்ணீர் எடுத்து வந்தேன்.
விரல் அந்த இரண்டாவது வரியிலேயே இருந்தது.
'பாரேன்' என்றார், 'போட்டிருக்கிறான்.'

மடிப்புக் கலையாமல் மடித்து
அவர் அப்பா மண்டபம் கேம்பில் வாங்கிய
குடும்ப அட்டைக்குள் வைத்தார்.
பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
ஓடைப் பக்கம் போனார்.
புதுப் போஸ்ட் வந்து இறங்கியிருந்தது.
குழி வெட்ட ஆள் வேண்டும்.